மழைக் கணக்கு

உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்குச் செல்லும் சாலையில் அனுமந்தன்பட்டி என்னும் பேரூர் இருக்கிறது. ஆனி மாதத்தில் ஒருநாள் அவ்வூர் வயல் வரப்பில் நின்று மேற்கே நோக்குபவருக்கு ஒரு விசித்திரமான காட்சி கிடைக்கும். மலை முகட்டில் கருமேகங்கள் குவிந்து கிடக்கும். அதற்கப்பால் தேக்கடியிலும் பீர்மேட்டிலும் இரவு பகலாக மழை கொட்டிக்கொண்டிருக்கும். இப்பாலோ காற்றும் புழுதியும். இடையிடையே முகத்தில் தெளித்தாற்போல் ஒரு சாரல். தரை நனையும்படி ஒரு மழையும் இல்லாத அந்நாளில் வாய்க்காலில் மட்டும் தண்ணீர் கரைபுரண்டு ஓடும். மழை ஓரிடத்தில், விளைவு வேறோரிடத்தில்! இத்தகைய பூமியில் ஏர் பிடிக்கும் குடியானவருக்கு, வேறெவரைக் காட்டிலும் வானத்தின் கணக்கு நன்கு தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு அவர் கைக்கு எட்டுகிறதா? எட்டவில்லை என்பதே நமது வழக்கு.

மழையைப் பற்றியும் ஒரு தலையங்கமா என்று நம் நேயர்களில் சிலர் நகைக்கலாம். சட்டசபை இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, கட்சிகளின் சச்சரவு இருக்கிறது. காற்றையும் மழையையும் பற்றிப் பேசுவது வேலையற்றோர் திண்ணைப் பேச்சு என்று அவர்கள் கருதக்கூடும். ஆனால் தேனி ஜில்லாவின் தெற்குக் கோடியில் எந்த வழக்கை எடுத்துப் பார்த்தாலும், எந்தக் கிளர்ச்சியின் வேரைத் தோண்டினாலும், அடியில் இருப்பது தண்ணீர். தண்ணீரின் அடியில் இருப்பது பருவம். பருவத்தை அறியாமல் நடத்தும் ராஜீயம் இங்கே செல்லாது.

முதலில் இப்பள்ளத்தாக்கின் ஓராண்டை எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாக வகுத்தனர். தமிழகம் முழுமைக்கும் அவ்வகுப்புப் பொருந்தும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கம்பம் பள்ளத்தாக்கு அதற்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. சித்திரையும் வைகாசியும் பெயருக்குத்தான் இளவேனில். வெயில் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். காலையில் தெளிந்திருக்கும் வானில் பிற்பகலில் மலையோரமாக இடிமேகம் திரளும். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் கூட்டங் கூட்டமாக ஜனங்கள் செல்லும் நாட்களில் ஒரு கோடை மழை இறங்கினால் அம்மன் அருள் என்று கொண்டாடுவார்கள். கோடை உழவுக்கு அம்மழை அமிர்தம். ஆனால் அதே மழை சூறைக்காற்றோடும் ஆலங்கட்டியோடும் வந்தால், குலை தள்ளிய வாழை ஒரு நாழிகையில் தரையில் சாய்ந்துவிடும். ஓராண்டு உழைப்பு அத்துடன் முடிந்தது.

வைகாசி நடுவில் ஆங்கிலத் தேதி ஒன்றை இப்பள்ளத்தாக்கு எதிர்நோக்கியிருக்கும். அது ஜூன் மாதம் 1. கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாளாக வானிலை இலாகா குறித்திருப்பது அந்தத் தேதியையே. முல்லைப் பெரியாற்று நீரை முதல் போகத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று குடியானவர்கள் பாத்தியமாகக் கேட்பதும் அந்தத் தேதியையே. உத்தமபாளையம் தாலுகாவில் 11,807 ஏக்கர், தேனி தாலுகாவில் 2,412 ஏக்கர், போடி தாலுகாவில் 488 ஏக்கர், ஆக 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் அந்த நீரை நம்பியிருக்கிறது. ஜூன் முதலில் நீர் வந்தால் நாற்றுப் பாவி, ஆனியில் நட்டு, ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். இரண்டாம் போகத்தையும் கோடை முற்றுமுன் அறுத்துவிடலாம். அணையில் நீரில்லாமல் திறப்பு ஆடிக்கும் ஆவணிக்கும் தள்ளிப்போனால் இந்த ஒழுங்கு முழுவதும் குலையும். முற்றிய கதிர் அடைமழையில் சிக்கிச் சாய்ந்து, வயலிலேயே முளை விடும். இரண்டாம் போகமோ தண்ணீர் குறைந்த பங்குனிச் சித்திரையில் மாட்டிக்கொள்ளும். ஒரு மாதத் தாமதம் ஒரு போகத்தை மட்டுமன்று, இரண்டையும் கெடுக்கும். இதனாலேதான் இங்கே பருவம் என்பது வயிற்றுப் பிரச்னை என்கிறோம்.

ஆனியும் ஆடியும் நூற்படி முதுவேனில். இங்கே அவை காற்றின் மாதங்கள். அரபிக் கடலிலிருந்து நீரைச் சுமந்துவரும் காற்று மேற்கு மலையில் மோதி மேலேறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும்போது வெப்பமடைந்து வறண்டு போகிறது. மலையின் நிழல் வெயிலை மறைப்பதுபோல், இம்மலை மழையை மறைக்கிறது. மலையில் உள்ள கணவாய் வழியே நெருக்கிப் பாயும் அக்காற்றின் வேகம் சாமானியமானதன்று. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்று சொன்னவர் இப்பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரோ என்று தோன்றும். சின்னமனூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தியை நெருக்கமாக நட்டுக் கொடியைப் படரவிடுகிறார்களே, அது கொடிக்குப் பற்றுக்கோடு, நிழலும் காற்றுத்தடுப்பும்கூட. ஆண்டிபட்டிப் பக்கம் அதே காற்று இன்று ஆலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. ஒருவருக்குச் சேதமாவது மற்றொருவருக்கு மூலதனமாகிறது.

புரட்டாசியில் காற்று அடங்கும். மாலை நேரங்களில் இடி மழை வரும். ஐப்பசி பிறந்தபின் வானம் திசை மாறி, கிழக்கிலிருந்து மேகம் வரும். வடகிழக்குப் பருவமழையே இப்பள்ளத்தாக்குக்கு உரிய சொந்த மழை. தமிழகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இம்மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. கண்மாய்கள் நிறைவதும், மேகமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் உயிர்பெறுவதும், ராயப்பன்பட்டிக்கு அருகிலுள்ள சண்முகாநதி அணை பெருகுவதும் இக்காலத்தில். ஆனால் திராட்சைத் தோட்டக்காரர் இதே நாட்களில் உறங்குவதில்லை. இந்தியாவின் பல பகுதிகளில் ஆண்டுக்கொருமுறை காய்க்கும் திராட்சை, கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் எங்கேனும் ஒரு தோட்டத்தில் அறுவடைக்கு நிற்கும். கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது. அந்தப் பெருமைக்கு ஈடாக ஒரு தொல்லையும் உண்டு. எந்த மாதத்தில் அடைமழை பிடித்தாலும் ஏதோ ஒரு தோட்டத்தில் பூவோ பிஞ்சோ கனியோ அதற்கு இரையாகும். ஈரம் தங்கினால் பூசண நோய். பழுத்தபின் நனைந்தால் வெடிப்பு. ஒருநாள் முன்னே அறிந்தால் மருந்தடிக்கலாம், அல்லது பழத்தை அறுத்துவிடலாம். ஒருநாள் பின்னே அறிந்தால் கடன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியதுதான்.

பிறகு மார்கழி, தை மாதங்களில் பனியும் குளிரும். மாசி, பங்குனியில் ஆறு மெலிந்து, குடிதண்ணீருக்கும் இரண்டாம் போகத்துக்கும் இடையே போட்டி வரும். அத்துடன் ஆண்டு முடிந்து மறுபடி சித்திரை.

இந்த ஒழுங்கு ஆண்டுதோறும் தவறாமல் நடக்குமானால் நாம் பேனா எடுக்க வேண்டியதில்லை. நடப்பதில்லையே! அண்மைக் காலத்தையே பாருங்கள். 2014 மே மாதம் 7-ந் தேதி உச்ச நீதிமன்றம் பெரியாற்று அணையில் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 1979-ல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட மட்டம், முப்பத்தைந்து வருஷ வழக்குக்கும் கிளர்ச்சிக்கும் பிறகு 142 அடியாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது. 2015 டிசம்பரில் மீண்டும் தொட்டது. ஜனங்கள் பட்டாசு கொளுத்திக் கொண்டாடினர். மறு வருஷம் என்ன நடந்தது? 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்தது. அறுபது சதவீதத்துக்கு மேல் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசங்கள் என்று சர்க்கார் பிரகடனம் செய்ய நேர்ந்தது. அடுத்த வருஷம், 2018 ஆகஸ்டில், கேரளத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தபோது அணை மீண்டும் 142 அடியில் நின்றது. ஐந்தாண்டுக்குள் நிறைவு, வறட்சி, வெள்ளம் மூன்றையும் பார்த்துவிட்டோம். நீதிமன்றம் அணையின் உயரத்துக்கு வரம்பு விதிக்கலாம். வானத்துக்கு ஆணை பிறப்பிக்க அதற்கு அதிகாரமில்லை. தீர்ப்பு நமக்குப் பாத்திரத்தைப் பெரிதாக்கித் தந்தது. பாத்திரத்தில் என்ன விழுகிறது, எப்போது விழுகிறது என்பது வேறு வழக்கு.

அந்த வேறு வழக்குத்தான் இப்போது கடினமாகி வருகிறது. வாரக்கணக்கில் பரவிப் பெய்த மழை சில நாட்களில் கொட்டித் தீர்ப்பதைக் காண்கிறோம். 2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு மூணாறுக்கு அருகில் பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது உயிர்களை விழுங்கியதை யார் மறக்க முடியும்? மாண்டவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நம் தமிழ்ச் சகோதர சகோதரிகள். அப்படிக் கொட்டும் மழையால் இப்பள்ளத்தாக்குக்கு லாபமும் முழுதாக இல்லை. மாதந்தோறும் அணையில் எவ்வளவு நீர் நிற்கலாம் என்று ஒரு வரம்பு ஏற்பட்டிருக்கிறது. பருவத்தின் தொடக்கத்திலேயே எல்லாம் ஒன்றாய் வந்து விழுந்தால் வரம்புக்கு மேற்பட்டது இடுக்கிப் பக்கம் திறந்துவிடப்படும். சுரங்கத்தின் வழியே ஒரு நாளில் இறக்கக்கூடிய நீருக்கும் அளவுண்டு. ஆகவே மழை எத்தனை என்பதைப் போலவே, எந்த வாரத்தில் என்பதும் இக்காலத்துக்கு முக்கியமாகிவிட்டது.

இப்போது நமது குற்றச்சாட்டுக்கு வருவோம். அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று இப்பள்ளத்தாக்கில் ஒரு சிறுவனைக் கேளுங்கள். தினசரியைப் பார்த்துச் சொல்லிவிடுவான். நேற்று உன் ஊரில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று அவன் பாட்டனாரைக் கேளுங்கள், விழிப்பார். ஏனெனில் அதை அவருக்குச் சொன்னவர் யாருமில்லை. உத்தமபாளையம், கூடலூர், வீரபாண்டி, சண்முகாநதி, தேக்கடி, பெரியாறு அணை முதலிய ஸ்தலங்களில் மழை அளக்கப்படுகிறது. தினமும் காலை 8.30 மணிக்குக் கணக்கெடுக்கப்படுகிறது. நல்லது. ஆனால் மலையடிவாரத்து மழை வெளியூர் மழையைப் போன்றதன்று. ஓர் ஊரில் வெள்ளம், மூன்று மைலுக்கு அப்பால் புழுதி. உத்தமபாளையத்துக் கணக்கைக் கொண்டு அனுமந்தன்பட்டித் தோட்டத்துக்கு நியாயம் வழங்குவது, அண்ணன் செய்த பத்திரத்தைத் தம்பியின் மேல் கட்டுவது போலாகும்.

இது வெறும் விஞ்ஞான வினோதமன்று. பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் வேண்டுமானால் நூற்றுக்கு 33-க்கு மேல் சேதமென்று ருஜுவாக வேண்டும். 2016-ல் ஏற்பட்ட பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற ஸ்தலச் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வானிலையை ஆதாரமாகக் கொண்ட காப்பீட்டிலோ, குறிப்பிட்ட ஒரு நிலையத்தில் பதிவான அளவே முடிவு. அந்நிலையத்தில் மழை விழவில்லையென்றால் நம் வயல் மூழ்கியதும் மூழ்காததே! பாதிக்கப்பட்டவரிடம் ருஜு கேட்கும் சட்டம், ருஜுவுக்குரிய கருவியை அவர் ஊரில் வைக்கவில்லை. சாட்சியை ஒளித்துவைத்துவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்யும் நீதிமன்றத்தை நாம் ஒப்புவோமா?

அன்னியர் ஆட்சி மழையை அளந்தது. 1864-ல் கல்கத்தாவைத் தாக்கிய புயலுக்கும், அதன்பின் வந்த பஞ்சங்களுக்கும் பிறகு 1875-ல் இந்திய வானிலை இலாகாவை ஏற்படுத்தியது. அதன் முதல் தலைவர் பிளான்போர்ட் 1886-ல் பருவமழைக்கு முதல் முன்னறிவிப்பை வெளியிட்டார். அதே 1886-ல்தான் பெரியாற்று நீருக்கான 999 வருஷ ஒப்பந்தம் திருவாங்கூருடன் செய்யப்பட்டது; 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமை கண்முன் நின்றதால் அத்திட்டம் வேகம் பெற்று, பென்னிகுயிக்கின் விடாமுயற்சியால் 1895-ல் நிறைவேறியது. ஜனங்களின் நன்மை அந்த ஆட்சியின் ஒரே நோக்கம் என்று நாம் சொல்ல மாட்டோம். நிலவரி குறையக்கூடாதென்ற கவலையும் அதில் இருந்தது. எனினும் எண்களை எழுதிவைத்தார்கள். அந்த எண்கள் கச்சேரிக்குள் இருந்தன. சுதந்தரம் பெற்று முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், வானத்தின் பதிவேடு கச்சேரி மேஜையிலிருந்து கிராமச் சாவடிக்கு வந்து சேரவில்லையென்றால் அது யார் குற்றம்?

நமக்கு முன்மாதிரி இல்லாமலும் போகவில்லை. நம் மலைக்கு மறுபுறம் பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர் அன்னா மணி. சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்து, பெங்களூரில் ஸர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, 1948-ல் வானிலை இலாகாவில் சேர்ந்த அம்மாது, வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்த கருவிகளை இந்நாட்டிலேயே செய்யவேண்டுமென்று உறுதிபூண்டு, ஏறக்குறைய நூறு கருவிகளுக்குத் திட்டமான வரைபடங்கள் தயாரித்து, அவற்றின் உற்பத்தியையும் தொடங்கிவைத்தார். காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் பெறக்கூடிய சக்தியை நாடெங்கும் அளக்கச் செய்ததும் அவரே. கதர் உடுத்திய அந்த விஞ்ஞானியின் சுதேசியம் கருவியளவில் நின்றுவிட்டால் போதாது. கருவி காட்டும் எண்ணும் சுதேசியாக வேண்டும். அதாவது தேசத்தாருக்குத் தெரிந்ததாக வேண்டும்.

இரண்டு ஆட்சேபங்களைக் கவனித்துவிடுவோம். பஞ்சாங்கமும் பெரியோர் அனுபவமும் இருக்கக் கருவி எதற்கு என்பர் சிலர். அனுபவத்தை நாம் இகழவில்லை. தட்டான் தாழப் பறப்பதையும் எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறுவதையும் கவனித்தவர்கள் நம் முதல் வானிலை ஆராய்ச்சியாளர்கள். ஆனால் மனித ஞாபகம் பெருவெள்ளத்தையும் பெரும்பஞ்சத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு, இடைப்பட்ட ஆண்டுகளை விட்டுவிடும். முப்பது வருஷத்தில் ஐப்பசி மழை குறைந்ததா, கூடியதா, முன்னே நகர்ந்ததா என்று ஞாபகம் தீர்ப்புச் சொல்லாது. வாய்மொழிச் சாட்சிக்கு மதிப்புண்டு. எழுத்துச் சாட்சி உடனிருந்தால் அம்மதிப்பு இரட்டிக்கும். இன்னும் சிலர், கைப்பேசியில் நாளைய வானிலை வருகிறதே என்பர். வருகிறது. பெரும்பரப்புக்குச் சொல்லப்படும் அந்த முன்னறிவிப்பு நம் ஊருக்கு எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை தவறியது என்று சோதிக்கவே நம் ஊர்க் கணக்கு வேண்டும். சோதிக்கப்படாத முன்னறிவிப்பு ஜோசியத்துக்கு எவ்வகையில் மேலானது?

ஆகவே நாம் கோருவது இது. மாநில சர்க்கார் 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டது பாராட்டத்தக்கது. அவற்றின் கணக்கு நாள்தோறும், ஊர்வாரியாக, தமிழில், எவரும் காணும்படி வெளிவர வேண்டும். கருவி கிட்டாத ஒவ்வொரு பேரூராட்சியும் ஊராட்சியும் சாதாரண மழைமானி ஒன்றை வாங்கி, காலை 8.30 மணிக்கு அளந்து, வாசலில் கரும்பலகையில் எழுதட்டும். உத்தமபாளையம் முதலிய ஸ்தலங்களின் பழைய பதிவேடுகளை அச்சிட்டு ஜனங்கள் கையில் கொடுக்கட்டும். வைகாசி பிறந்ததும், அணையில் எவ்வளவு நீர் இருக்கிறது, ஜூன் 1-ல் திறப்பு உண்டா, இல்லையேல் என்ன குறுவயது நெல்லை நாடலாம் என்று குடியானவர்களைக் கூட்டிவைத்து அதிகாரிகள் சொல்லட்டும். தண்ணீர் வரும் வரும் என்று நாற்றங்காலைக் காயப்போடுவதைவிட, வராது என்ற நேர்மையான சொல் மேலானது. 2000-ஆம் வருஷத்துப் பாசன நிர்வாகச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இடம் தருகிறது. அச்சங்கங்கள் பெயரளவில் நில்லாமல் இக்கணக்கைக் கேட்டு வாங்கட்டும். ஐப்பசிக்கு முன் கண்மாய்களின் வரத்துக் கால்வாய்களைத் தூர் எடுக்கட்டும். சொந்த மழையை வீணாக்கிவிட்டு மலைக்கப்பால் மழைக்கு மட்டும் மனுப் போடுவது அழகன்று.

பள்ளிக்கூடங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் ஜலம். ஒரு ஏக்கரில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் நாற்பதினாயிரம் லிட்டருக்கு மேல். இந்தக் கணக்கைப் புத்தகத்தில் போடும் பையன், பள்ளி முற்றத்து மழைமானியில் அன்று காலை தானே அளந்த எண்ணைக்கொண்டு போடட்டும். பத்து வருஷத்தில் அந்த ஊருக்கு அவன் விட்டுச்செல்லும் நோட்டுப் புத்தகம் ஒரு கல்வெட்டுக்குச் சமானம்.

அரசியல் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. அணையின் ஒவ்வோர் அடிக்காகவும் நீங்கள் சாலையில் நின்றதை இப்பள்ளத்தாக்கு அறியும். அந்த உறுதியில் பத்தில் ஒரு பங்கை இக்காரியத்துக்குக் கொடுங்கள். இதற்கு மறியல் வேண்டாம்; கோஷம் வேண்டாம். உங்கள் பேரூராட்சியின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம், ஒரு மழைமானி, ஒரு கரும்பலகை. அவற்றை நாள்தவறாமல் கவனிக்கும் ஒருவர். இவ்வளவே. அடுத்த ஐப்பசியில் அனுமந்தன்பட்டிக் குடியானவர் ஒருவர் தன் வயல் மூழ்கியதென்று மனுக் கொடுக்கும்போது, எவ்வளவு மழை என்று அதிகாரி கேட்டால், அவர் வானத்தைக் காட்ட வேண்டியதில்லை. பலகையைக் காட்டட்டும்.